கண்ணாடிக்குள் பிஸ்மத் இழை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் கண்டன்சர், பியூரெட், வளைகுழாய் என்று ஆய்வகச் சாமான்களை ஊதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். சில வருஷங்களாகக் கண்ணாடிக்குள் பிஸ்மத் போன்ற அரை உலோகத்தை வைத்து, வெப்பத்தை உணரும் சென்சாருக்கான மெல்லிய இழையாகவும் இழுத்துத் தருகிறேன். கல்லூரி ப்ராஜெக்ட் நாள் நெருங்கினால் பட்டறை வாசலில் நாலு பைக் நிற்கும். ஆள் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். அவசரக்காரர்கள் முனை போடும் (இழையின் முனையில் ஒயர் சேர்க்கும்) பகுதிக்கு நேராகத் தாவுவார்கள். தாவலாம், ஆனால் அங்கிருந்து மறுபடி மேலே வரவேண்டியிருக்கும்.

அண்ணே, இது ஆப்டிக்கல் ஃபைபர்தானே? நெட் கேபிள்ல வருமே, அது?

இல்லை. அந்த இழையில் உள்ளேயும் வெளியேயும் கண்ணாடி, உள்ளே ஓடுவது ஒளி. இதில் வெளியே மட்டும்தான் கண்ணாடி. நடுவில் பிஸ்மத் அல்லது ஆன்டிமனி, அதில் ஓடுவது மின்சாரம். நான் வழக்கமாக இழுப்பது 200 மைக்ரான் தடிமன், அதாவது 0.2 மி.மீ. அதற்குள் உலோகக் கரு 50 மைக்ரான்.

இழையின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருந்தால் இரண்டுக்கும் நடுவே சின்ன மின்னழுத்தம் பிறக்கும். 1821-இல் இயற்பியலாளர் சீபெக் கண்ட விளைவு இது. அவர் சோதித்த உலோகங்களில் பிஸ்மத்தும் ஆன்டிமனியும் உண்டு. நாம் செய்யும் சென்சார் அதே சங்கதிதான், கண்ணாடிச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

அரை உலோகம்னா ஸ்கூல்ல படிச்ச உலோகப்போலியா? இல்ல குறைக்கடத்தியா?

இரண்டும் இல்லை, குழம்புவதில் தப்பும் இல்லை. உலோகப்போலி என்பது தனிம அட்டவணையில் உலோகத்துக்கும் அலோகத்துக்கும் நடுவே நிற்பவற்றுக்கு வேதியியல் பாடம் வைத்த பெயர். அரை உலோகம் இயற்பியல்காரர்களின் சொல். எலக்ட்ரான் நிரம்பிய பட்டையும் காலியான பட்டையும் துளியளவு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால் அது அரை உலோகம். நடுவே இடைவெளி விழுந்தால் குறைக்கடத்தி. ஆன்டிமனிக்கு உலோகப்போலி, அரை உலோகம் என்ற இரண்டு பெயரும் பொருந்தும். டெல்லூரியம் உலோகப்போலிதான், ஆனால் நடத்தையில் குறைக்கடத்தி. பிஸ்மத்தைப் பாடப்புத்தகம் உலோகம் என்றே சொல்லும், இயற்பியலில் அது அரை உலோகம். (ஆன்டிமனி நமக்குப் புதிதில்லை. கண்ணுக்கு மை அரைத்த அஞ்சனக்கல் அதன் கந்தகச் சேர்மம்தான்.)

தாமிரத்தில் அணுவுக்கு ஒரு எலக்ட்ரான் ஓடத் தயாராக நிற்கிறது. பிஸ்மத்தில், மிகக் குளிர்ந்த நிலையில், ஏறத்தாழ லட்சம் அணுவுக்கு ஒன்றுதான். ஆள் குறைவு என்பதால் வெப்பமோ காந்தமோ கொஞ்சம் தொட்டாலும் அது வெளியே தெரிகிறது. சென்சாருக்கு வேண்டியது இந்தத் தொட்டாச்சிணுங்கிக் குணம்தான்.

கண்ணாடி எதுக்கு தம்பி? எங்க கம்பி அச்சுல விட்டு இழுத்தா வராதா?

தெற்கு ஆவணி மூல வீதியில் நகை வேலை செய்யும் ஒரு பெரியவர் கேட்டது. தங்கம் இழுக்க இழுக்க நீளும். பிஸ்மத் அப்படி வராது, சுத்தியலால் தட்டினால் கல்கண்டு மாதிரி உடையும். அச்சின் வாயிலேயே முறிந்துவிடும். அவர் முன்னாலேயே ஒரு துண்டைத் தட்டிக் காட்டினேன், அதற்குப் பிறகு அவர் அச்சைப் பற்றிப் பேசவில்லை.

கெட்டியாக இழுக்க முடியாததை உருக்கித்தான் இழுக்க வேண்டும். உருகியது வழிந்து ஓடாமல் இருக்க ஒரு உறை வேண்டும், அந்த உறையும் சேர்ந்து நீள வேண்டும். இளகிய கண்ணாடி அதற்கு வாகு. சித்திரைத் திருவிழாவில் ஜவ்வு மிட்டாய்க்காரர் தடித்த உருண்டையிலிருந்து இழுக்கும்போது பாருங்கள். உருண்டையில் வெள்ளைக்கு நடுவே சிவப்பு எந்த விகிதத்தில் இருந்ததோ, வாட்ச் கட்டும் அளவு மெலிந்த பிறகும் அதே விகிதத்தில் இருக்கும். இங்கேயும் அதேதான். கண்ணாடிக் குழாய்க்குள் உலோகத்தை வைத்து உருக்கி இழுக்கும் முறையை 1924-இல் ஜி. எஃப். டெய்லர் என்பவர் எழுதி வைத்தார். டெய்லர் கம்பி என்று இன்றும் சொல்கிறார்கள்.

ஒரு குழாய்ல எவ்வளவு நீளம் வரும்?

வெளிவிட்டம் 8 மி.மீ., உள்விட்டம் 2 மி.மீ. குழாய் எடுத்துக்கொள்ளுங்கள். 8 மி.மீ.-ஐ 0.2 மி.மீ. ஆக்குகிறோம், அதாவது 40 மடங்கு மெலிகிறது. குறுக்குப்பரப்பு 1600 மடங்கு குறைகிறது, ஆகவே நீளம் 1600 மடங்கு கூடும். உலோகம் நிரம்பிய 10 செ.மீ. குழாயிலிருந்து கணக்குப்படி 160 மீட்டர். கையில் வருவது அதைவிட ரொம்பக் குறைவு, தொடக்கமும் கடைசியும் குப்பைக்குப் போகும். உள்ளே 2 மி.மீ. கரு அதே 40 மடங்கு மெலிந்து 50 மைக்ரான் ஆகிவிடும்.

குவார்ட்ஸ் கண்ணாடியில இழுத்தா இன்னும் உசத்தியா இருக்குமே?

உசத்திதான், பிஸ்மத் தங்காது. இதில் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒரே விதி: கண்ணாடி இழுபடும் சூட்டில் உள்ளே இருப்பது உருகியிருக்க வேண்டும், கொதித்துவிடக் கூடாது. பிஸ்மத் 271 டிகிரியில் உருகும், 1564-இல் கொதிக்கும். குவார்ட்ஸை இழுக்க 2000 டிகிரி பக்கம் போகவேண்டும். அதற்குள் பிஸ்மத் ஆவியாகிக் குழாயை ஊதிவிடும்.

போரோ கண்ணாடி (போரோசிலிகேட், ஆய்வகச் சாமான் ஊதும் கண்ணாடி) 820 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கும், 900-க்கு மேலே இழுக்க வசதி. பிஸ்மத்துக்கும் ஆன்டிமனிக்கும் (உருகுநிலை 631, கொதிநிலை 1587) அது பொருந்தும். டெல்லூரியம் 988-இலேயே கொதிக்கும் என்பதால் போரோவில் கத்தி மேல் நடக்கிற கதை. அதற்குச் சீக்கிரம் இளகும் வேறு கண்ணாடி பார்க்கவேண்டும்.

வீட்ல கேஸ் டார்ச் வச்சு செய்யலாமா?

வேண்டாம். சமையல் எரிவாயுவும் காற்றும் மட்டும் சேர்ந்த சுடர் போரோவைச் சரியாக இளக்காது, ஆக்சிஜன் சேர்க்க வேண்டும். அந்தச் சுடரோடு பழகாதவர் பக்கத்தில் ஆளில்லாமல் தொடவே கூடாது. பிஸ்மத் வயிற்று மருந்தில் சேரும் அளவுக்குச் சாது. ஆன்டிமனி ஆவி நஞ்சு. டெல்லூரியம் உடம்பில் கொஞ்சம் போனாலும் மூச்சில் பூண்டு வாடை நாள்கணக்கில் வீசும், காட்டிக்கொடுத்துவிடும். ஆவி இழுக்கும் கூண்டு இல்லாத இடத்தில் இந்த இரண்டும் கூடாது.

பட்டறையில் செய்யும் விதம் இது. குழாயைக் கழுவிக் காயவைத்து ஒரு முனையை மூட வேண்டும். 99.99 சதவீதத் தூய பிஸ்மத்தை மேல் கறுப்பு போகச் சுரண்டி உள்ளே போடவேண்டும். காற்றை பம்பால் உறிஞ்சி, ஆர்கான் விட்டு, மறுபடி உறிஞ்சி, மறுமுனையையும் சுடரில் மூட வேண்டும். பிறகு நடுவில் சூடேற்றி இழுக்க வேண்டும். காற்று மிச்சமிருந்தால் பிஸ்மத் ஆக்சைடு ஆகும். அந்த ஆக்சைடு 817 டிகிரியில் உருகிக் கண்ணாடியோடு கலந்துவிடும். சுத்தமான பிஸ்மத் கண்ணாடியில் ஒட்டாது, ஆக்சைடுதான் ஒட்டும். இழையில் மஞ்சள் கறை கண்டால் எந்தக் கட்டத்தில் காற்று புகுந்தது என்று தேடுங்கள்.

இழுத்து முடிச்சுப் பார்த்தா உள்ள மல்லிச்சரம் மாதிரி முத்து முத்தா நிக்குது. ஏன்ணே?

குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் தண்ணீர் நூலாக விழுந்து கீழே போகப் போகச் சொட்டாக உடையும், அதேதான் இது. உருகிய பிஸ்மத்தின் பரப்பு இழுவிசை அதிகம், நூலாக இருப்பதைவிட முத்தாக இருக்கவே அதற்கு ஆசை. சுற்றியுள்ள கண்ணாடி கெட்டியாக இருக்கும்வரை முத்தாக விடாது. அளவுக்கு மீறிச் சூடாக்கினால் கண்ணாடி நீர்த்துப்போகும், பிஸ்மத் தன் இஷ்டத்துக்குப் போய்விடும்.

ஆகவே சூட்டைக் குறைத்து, இழை அறுபடாத அளவுக்கு வேகமாக இழுத்து, சுடரை விட்டு வெளியே வந்ததும் குளிரவிட வேண்டும். கரு மெலிய மெலிய இந்தத் தொல்லை கூடும். 50 மைக்ரானில் பத்துக்கு ஏழு முறை நன்றாக வருகிற என் கை, 10 மைக்ரானில் தடுமாறுகிறது.

மீட்டர்ல பஸ்ஸர் அடிக்கல. உள்ள அறுந்துபோச்சா?

அவசரப்பட்டுக் குப்பையில் போடாதீர்கள். நான் போட்டிருக்கிறேன், ஒரு மாலை முழுக்க இழுத்ததை. பிஸ்மத்தின் மின்தடைத்திறன் ஏறத்தாழ 1.3 மைக்ரோ ஓம்-மீட்டர், தாமிரத்தைப்போல 70 மடங்குக்கும் மேல். 50 மைக்ரான் கரு, 10 செ.மீ. நீளம் என்றால் கணக்கு 66 ஓம் காட்டும். சாதாரண மல்டிமீட்டரின் பஸ்ஸர் சில பத்து ஓமுக்குக் கீழேதான் சத்தம் போடும். பஸ்ஸரை விட்டுவிட்டு ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். 66-க்குப் பக்கமாக வந்தால் இழை முழுசு. 90, 100 என்று போனால் எங்கோ கழுத்து மெலிந்திருக்கிறது அல்லது முனை சரியில்லை. மீட்டர் ஓடாமல் நின்றால்தான் அறுந்தது.

கணக்குல 50 மைக்ரான்னு சொன்னீங்க, மைக்ரோஸ்கோப்ல பக்கவாட்டுல பார்த்தா 75 காட்டுதே?

உங்கள் கணக்கும் சரி, மைக்ரோஸ்கோப்பும் சரி. உருண்டைக் கண்ணாடி லென்ஸாக வேலை செய்து உள்ளே இருப்பதைப் பெரிதாக்குகிறது. எவ்வளவு பெரிதாக? கண்ணாடியின் ஒளிவிலகல் எண் அளவுக்கு, போரோவில் 1.47 மடங்கு. 50 கரு 73, 74 ஆகத் தெரியும்.

இழையை ஸ்லைடில் வைத்து ஒரு சொட்டு கிளிசரின் விட்டுக் கண்ணாடி வில்லையால் மூடுங்கள். கிளிசரினின் ஒளிவிலகல் எண்ணும் 1.47. போரோ கண்ணாடி கண்ணுக்கு மறைந்துபோய் பிஸ்மத் கரு மட்டும் தன் உண்மை அளவில் தெரியும். முதல் தடவை பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். முத்து, இடைவெளி, குமிழி எல்லாம் தேடவும் இதுவே நல்ல வழி.

பிஸ்மத் உறையும்போது பனிக்கட்டி மாதிரி விரியுமாமே? கண்ணாடி வெடிச்சிடாதா?

கேட்டவர்களிலேயே நன்றாக யோசித்துக் கேட்ட கேள்வி இது. ஆமாம், உறையும்போது பிஸ்மத்தின் பருமன் ஏறத்தாழ 3.3 சதவீதம் கூடும். பெரும்பாலான உலோகங்கள் சுருங்கும்போது இது விரிகிறது. ஆனாலும் இழை வெடிப்பதில்லை. ஏன் என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

போரோ கண்ணாடி 525 டிகிரி வாக்கில் விறைத்துவிடும். பிஸ்மத் 271 வரை திரவமாகவே இருக்கும். இந்த 250 டிகிரி இடைவெளியில் திரவ பிஸ்மத் பருமனில் 3 சதவீதம் சுருங்குகிறது, கண்ணாடி கால் சதவீதம். அதாவது உறைவதற்கு முன்பே உள்ளே 2.8 சதவீதம் காலி இடம் கிடைத்துவிடுகிறது. உறையும்போது 3.3 விரிந்தால் மிஞ்சுவது அரை சதவீதம். அதற்குப் பிறகு அறைச் சூட்டுக்கு இறங்கும்போது கெட்டி பிஸ்மத் கண்ணாடியைவிடக் கூடுதலாக, ஏறத்தாழ 0.7 சதவீதம் சுருங்கும். கூட்டிக் கழித்தால் கருவும் கண்ணாடியும் கிட்டத்தட்ட உரசியபடி நிற்கின்றன. எல்லாம் தோராயக் கணக்குத்தான், ஆனால் கையில் வரும் இழையோடு ஒத்துப்போகிறது. வெள்ளீயத்தை இதேபோல் இழுத்துப் பாருங்கள். அது உறையும்போதும் சுருங்கும், கருவில் அங்கங்கே பொந்து விழும்.

ஒரே எச்சரிக்கை: வேலை செய்யும் இழையை 271-க்கு மேலே சூடாக்கி மறுபடி உறையவிட்டால், எந்த முனை முதலில் உறைகிறது என்பதைப் பொறுத்து நடுவில் அழுத்தம் மாட்டிக்கொள்ளும். அப்போது விரிசல் வரும்.

முனையில ஒயரை வச்சு சால்டர் பண்ணிட்டா வேலை முடிஞ்சுதுல்ல?

இங்கேதான் வேலையே ஆரம்பிக்கிறது. இழை இழுப்பதை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். முனை போடக் கற்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. நான் கொடுத்த இழைகளில் திரும்பி வந்தவை எல்லாமே முனையில் கெட்டவை.

என் முதல் சென்சாருக்குக் கடையில் வாங்கிய சாதாரண ஈய சால்டர்தான் வைத்தேன். அழகாகப் பிடித்தது. கொதிநீரில் போட்டுச் சரிபார்க்கலாம் என்று இறக்கினேன், ஒயர் தனியாகக் கையோடு வந்துவிட்டது. சால்டர் 183 டிகிரியில் உருகும், பிஸ்மத் 271-இல் உருகும், 100 டிகிரியில் எப்படிக் கழன்றது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். விஷயம் இதுதான். பிஸ்மத், ஈயம், வெள்ளீயம் மூன்றும் சேர்ந்தால் 96 டிகிரியிலேயே உருகும் கலவை பிறக்கும். சால்டர் வைக்கும்போதே அந்தக் கலவையை நானே முனையில் சமைத்துவிட்டேன். ஈயமில்லாத சால்டர் வைத்தாலும் வெள்ளீயமும் பிஸ்மத்தும் சேர்ந்து 139-இல் உருகும். கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான்.

இப்போது செய்வது: முனையை 1000, பிறகு 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தட்டையாகத் தேய்ப்பேன். கருவின் வட்டம் பளிச்சென்று தெரிந்த அன்றைக்கே, காற்றில் மங்குவதற்குள், வெள்ளிப் பசையால் மெல்லிய தாமிரக் கம்பியை ஒட்டுவேன். அதன்மேல் எபாக்சி போட்டு அசையாமல் கட்டுவேன். கண்ணாடியைக் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கேட்டு வருகிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: அது எலும்புவரை போகும், என் பட்டறைக்குள் வராது.

ஒரு டிகிரிக்கு எவ்வளவு வோல்ட்? விரல்ல பிடிச்சுப் பார்த்தேன், மீட்டர் நகரவே இல்ல.

பிஸ்மத் டிகிரிக்கு 70 மைக்ரோவோல்ட் வாக்கில் தரும், எதிர்க்குறியோடு. ஆன்டிமனி 47 வாக்கில், நேர்க்குறியோடு. இரண்டையும் ஒரு முனையில் சேர்த்தால் 100-க்கு மேல் வரும். கடையில் கிடைக்கும் கே வகைத் தெர்மோகப்பிள் (இரண்டு உலோகக் கம்பி சேர்ந்த வெப்பச் சென்சார்) 41. 1830-களில் இத்தாலியின் நோபிலியும் மெல்லோனியும் வெப்பக் கதிரை அளக்க இந்த ஜோடியைத்தான் அடுக்கினார்கள்.

உங்கள் மீட்டரின் 200 மில்லிவோல்ட் அளவில் கடைசி இலக்கம் 100 மைக்ரோவோல்ட். ஒரு டிகிரிக்கு அது அசையாது. இன்னொன்று, நீங்கள் விரலால் பிடித்தது மே மாதம். மதுரையில் மே மாதம் விரல் சூடும் அறைச் சூடும் ஒன்றுதான், எங்கிருந்து வோல்ட் வரும்? ஐஸில் வைத்துப் பாருங்கள். எண் வந்ததும் ஐஸை மறுமுனைக்கு மாற்றுங்கள். குறி தலைகீழாக வேண்டும். மாறாவிட்டால் நீங்கள் பார்ப்பது இழையின் வோல்ட் அல்ல, உங்கள் மீட்டரின் சொந்தச் சரக்கு.

சரிபார்க்க ஐஸும் கொதிநீரும் போதுமா?

தொடக்கத்துக்குப் போதும். ஐஸை உடைத்து நல்ல தண்ணீரில் கலக்கி வையுங்கள். ஜிகர்தண்டா கடைக்கு ஐஸ் போடுகிறவரிடம் வாங்கலாம். மீன் பெட்டியில் கிடந்தது வேண்டாம், உப்பு பட்டிருந்தால் சுழிக்குக் கீழே இறங்கிவிடும். கொதிநீர் மதுரையில் 100-ஐ ஒட்டியே இருக்கும், கழுத்தறுக்கிற வித்தியாசம் இல்லை. கொடைக்கானலில் ஒருவர் 100 என்று எழுதிக்கொண்டு வந்தார். 2100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93-இலேயே கொதிக்கும். அவருடைய இழை எந்தத் தப்பும் செய்யவில்லை.

விளாச்சேரி சூளையில வைக்கலாமா?

கூடாது, பிஸ்மத் உருகிவிடும். அதற்குக் கே வகைத் தெர்மோகப்பிள் இருக்கிறது, விலையும் குறைவு.

செல்லூர்ல தறி வச்சிருக்கேன் சார். துணியிலேயே நெய்ய முடியுமா?

பாவில் (நீளவாட்டு நூலில்) வேண்டாம். விழுது ஏறி இறங்குவதிலேயே முறியும். ஊடையாகவும் (குறுக்கு நூலாகவும்) நாடாவில் சுற்றிவிட முடியாது. தறியை நிறுத்தி, இழையைக் கையால் நேராக வைத்து, மெதுவாக அடித்து, அடுத்த ஊடையைப் போடலாம். 2 செ.மீ. ஆரத்தில் வளைத்தால் 200 மைக்ரான் இழையின் வெளிப்புறக் கண்ணாடி அரை சதவீதம் நீளும். கீறல் படாத கண்ணாடி அதைத் தாங்கும், கை பட்ட கண்ணாடி தாங்குமா என்பது அதிர்ஷ்டம். கரு நடுவில் இருப்பதால் அதற்கு 0.13 சதவீதம்தான். இழுத்தவுடன் மேலே ஒரு வார்னிஷ் பூச்சு கொடுத்தால் கீறல் விழாது, ஆயுசும் கூடும்.

காந்தத்தையும் காட்டுமாமே?

காட்டும். காந்தப்புலத்தில் பிஸ்மத்தின் மின்தடை கூடும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பிஸ்மத் சுருளை வைத்துப் புலத்தை அளந்தார்கள். 1928-இல் ரஷ்ய இயற்பியலாளர் கபிட்சா மிக வலுவான புலங்களில் இதை அளந்து காட்டினார். ஆனால் நம் இழையில் சிறு காந்தத்துக்கு மாறுவது கொஞ்சம்தான், அதைவிட வெப்பத்தால் மாறும் மின்தடை பெரிது, டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம். வெப்பத்தை அசையாமல் பிடித்து வைக்காமல் காந்தத்தை அளந்தேன் என்று யாரும் சொல்லவேண்டாம்.

முனையில சூடு காட்டினா வருது. நடுவுல காட்டினா ஒண்ணுமே வரல. இழை கெட்டுப்போச்சா?

நல்ல இழை என்பதற்கு அதுவே சாட்சி. கரு முழுக்க ஒரே மாதிரி இருந்தால் மின்னழுத்தம் இரண்டு முனைகளின் சூட்டை மட்டுமே பொறுத்தது. நடுவில் ஏறிய வெப்பம் ஒரு பக்கம் கூட்டியதை மறுபக்கம் கழித்துவிடும். நடுவில் நடப்பது தெரியவேண்டும் என்றால் மின்னழுத்தத்தை விட்டுவிட்டு மின்தடையைப் பாருங்கள். 66 ஓம் இழை டிகிரிக்குக் கால் ஓம் மாறும், அது இழை நீளத்தின் சராசரிச் சூட்டைச் சொல்லும். முனைத் தடை கணக்கில் சேராமல் இருக்க நாலு ஒயர் போட்டு (இரண்டில் மின்சாரம் விட்டு, மற்ற இரண்டில் மின்னழுத்தம் பார்த்து) அளக்கவேண்டும்.

எனக்கு நடுவுல காட்டினாலும் வோல்டேஜ் வருதே? அதுவும் ஒரே குழாய்ல இழுத்த ரெண்டு துண்டு வேற வேற எண் காட்டுது.

அப்படியானால் உங்கள் கரு ஒரே மாதிரி இல்லை. பிஸ்மத் படிகத்துக்குத் திசை உண்டு. படிகத்தின் முக்கிய அச்சு வழியாக அளந்தால் டிகிரிக்கு 100 மைக்ரோவோல்ட் வாக்கில், அதற்குக் குறுக்கே அளந்தால் 50 வாக்கில். இழைக்குள் உறையும்போது படிகம் ஒரு இடத்தில் ஒரு பக்கமும், இன்னொரு இடத்தில் வேறு பக்கமும் சாய்ந்து வளர்ந்தால், அந்த எல்லை ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத ஒரு இணைப்புப் போலச் செயல்படும். மேலே நான் சொன்ன 70 பல படிகங்களின் சராசரி, உங்கள் துண்டுக்கு 58 இருக்கலாம், 85 இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே ஐஸிலும் கொதிநீரிலும் சரிபார்த்து, அதன் எண்ணை அதன்மேலேயே ஒட்டிவிடுங்கள்.

வித்தியாசத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. இழுத்த இழையைச் சிறிய சூடான வளையத்தின் வழியே நிமிஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் நகர்த்தினால், கரு ஒரு முனையிலிருந்து வரிசையாக உருகி உறையும், படிகம் பெரும்பாலும் ஒரே திசையில் வளரும். முன்பு எச்சரித்த விரிசலும் வராது, ஏனென்றால் உறையும் இடத்துக்கு முன்னால் எப்போதும் திரவம் இருக்கும், விரிகிற பிஸ்மத் அதைத் தள்ளிக்கொண்டு போகும். மறுமுனையை மட்டும் கடைசிவரை மூடாமல் விட்டு வையுங்கள், அங்கே ஒரு சின்ன பிஸ்மத் பொட்டு பிதுங்கி நிற்கும். அதைத் தேய்த்து எடுத்துவிட்டு முனை போடலாம்.